பழைய வழக்கில் பிடிவாரண்ட்: இருக்கிறதா என்று பார்ப்பதும் ரத்து செய்வதும்

வாசகர் கேள்வி: 2019இல் எங்கள் ஊரில் நடந்த ஓர் அடிதடி வழக்கில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். ஜாமீன் வாங்கினேன், சில வாய்தாக்களுக்கும் போனேன். அப்புறம் வேலைக்காகத் திருப்பூர் வந்துவிட்டேன். கொரோனாவோடு வழக்கையே மறந்துபோனேன். வக்கீலையும் இப்போது தொடர்புகொள்ள முடியவில்லை. போன மாதம் ஊரில் ஒரு போலீஸ்காரர் என் அம்மாவிடம் "உன் மகன் மேல் வாரண்ட் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோர்ட்டுக்குப் போனால் உள்ளே தள்ளிவிடுவார்களா? பாஸ்போர்ட் எடுக்க நினைத்திருந்தேன், அதுவும் கெட்டதா?

பதில்: வாரண்ட் இருக்க வாய்ப்பு அதிகம். ஜாமீனில் இருப்பவர் வாய்தாவுக்கு வராமல், வக்கீல் மூலம் மனுவும் போடாமல் விட்டால், நீதிமன்றம் பெரும்பாலும் அன்றைக்கே என்.பி.டபிள்யூ எனப்படும் ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்டைப் பிறப்பித்துவிடும். முதலில் சம்மன், பிறகு ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் என்.பி.டபிள்யூ என்று 2007இல் உச்ச நீதிமன்றம் ஒரு வரிசை சொல்லியிருக்கிறது. ஆனால் "ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவேன்" என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தவருக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பலர் நினைப்பதுபோல மூன்று வருடம், ஐந்து வருடம் ஆனால் வாரண்ட் தானாகச் செத்துவிடாது. பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்ய வேண்டும், அல்லது போலீஸ் உங்களைப் பிடித்து நிறைவேற்ற வேண்டும். அதுவரை அது உயிரோடுதான் இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70(2) பிரிவு இதைத்தான் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 72(2). உங்கள் வழக்கு அந்தத் தேதிக்கு முன்பே விசாரணையில் இருந்ததால் பழைய சட்டப்படியே நடக்கும். வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் மனுவை, பழைய 70(2) பிரிவை வைத்து, கோர்ட் வளாகத்தில் எல்லோரும் இன்னமும் "செவன்டி டூ மனு" என்றுதான் சொல்கிறார்கள். ரீகால் மனு என்பதும் இதுதான். நீங்களும் அப்படியே கேளுங்கள், புரிந்துகொள்வார்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? போனிலேயே தொடங்கலாம். இ-கோர்ட்ஸ் சேவைத் தளத்திலோ செயலியிலோ மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு எண், எஃப்.ஐ.ஆர் எண், பெயர் என்று பல வழிகளில் தேடலாம். எஃப்.ஐ.ஆர் நகல் கையில் இருந்தால் காவல் நிலையம், எண், வருடம் மூன்றையும் போட்டுத் தேடுவது நல்லது. பெயரை வைத்துத் தேடுவது வம்பு. நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சு செய்திருப்பார்கள். இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களையாவது போட்டுப் பாருங்கள். வழக்கு கிடைத்ததும், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

அந்தப் பக்கத்தில் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்பதெல்லாம் இருக்கும். முந்தைய வாய்தா தேதிகளை ஒவ்வொன்றாகத் திறந்தால், அன்று என்ன நடந்தது என்ற குறிப்பும் பல நேரம் கிடைக்கும். "எதிரி ஆஜரில்லை, என்.பி.டபிள்யூ" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் வாரண்ட் போட்டது உறுதி. கோர்ட் மொழியில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், அதாவது நீங்கள். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றாலும் நிம்மதியடைய வேண்டாம். எதிரி பல காலம் வராத வழக்குகளை நீண்டகால நிலுவை வழக்கு என்று தனிப் பதிவேட்டுக்கு மாற்றிவிடுவார்கள், கோர்ட்டில் எல்.பி.சி என்பார்கள். சேர்ந்து குற்றம் சாட்டப்பட்ட மற்றவர்கள் ஒழுங்காக ஆஜராகியிருந்தால், உங்களை மட்டும் பிரித்து வேறு எண் கொடுத்திருக்கவும் கூடும். அவர்கள் வழக்கு விடுதலையில் முடிந்து, உங்களுடையது மட்டும் வாரண்டோடு தூங்கிக்கொண்டிருப்பது அபூர்வமான கதையல்ல.

ஆகவே தளத்தில் பார்த்ததை நீதிமன்ற அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த ஊர்க் கோர்ட்டில் தொழில் செய்யும் வக்கீல் ஒருவரை அமர்த்தினால், அவர் நீதிமன்ற எழுத்தரான பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டு வழக்குக் கட்டை, அதாவது கோப்பை, எடுத்துப் பார்த்துவிடுவார். பழைய வக்கீலிடம் மாற்ற ஒப்புதல் வாங்க முடியாவிட்டாலும் நீதிமன்ற அனுமதியோடு புதியவர் வக்காலத்து தாக்கல் செய்யலாம். வாரண்ட் இருக்கிறதா என்று கேட்கக் காவல் நிலையத்துக்கு மட்டும் நீங்களே நேரில் போகாதீர்கள். இருந்தால் உங்களைப் பிடித்து ஒப்படைப்பது அவர்கள் கடமை. "ஏதாவது கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இடையில் யாராவது வந்தால் பத்து பைசாகூடக் கொடுக்க வேண்டாம். வாரண்டை ரத்து செய்யும் அதிகாரம் காவல் நிலையத்தில் யாருக்கும் கிடையாது. வாட்ஸ்அப்பில் வாரண்ட் அனுப்பிப் பணம் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். அப்படி ஏதாவது வந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் புகார் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் அதே நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோ இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

இப்போது உங்களை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். ஜாமீனில் விட முடியாத வாரண்ட் என்பது போலீஸின் கையைத்தான் கட்டுகிறது. அவர்களாக உங்களை விட முடியாது, கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். உங்களை வெளியே விடும் அதிகாரம் நடுவருக்கு, அதாவது மாஜிஸ்திரேட்டுக்கு, இருக்கிறது. நீங்களாக வந்து நிற்கிறீர்களா, போலீஸ் பிடித்து வந்து நிறுத்துகிறதா என்பதை நடுவர் முதலில் பார்ப்பார். இவ்வகைச் சிறு வழக்குகளில் தானாக வந்து ரீகால் மனு போடுபவருக்கு அன்றைக்கே வாரண்ட் ரத்தாவதுதான் அதிகம் நடப்பது. அபராதம்போல ஒரு தொகை கட்டச் சொல்லலாம், புது ஜாமீன்தாரர் கேட்கலாம், சில வாரம் வந்து கையெழுத்துப் போடச் சொல்லலாம். ஆனால் நிச்சயம் உள்ளே அனுப்ப மாட்டார்கள் என்று எந்த வக்கீலாவது சொன்னால் நம்பாதீர்கள். பல முறை ரீகால் வாங்கிவிட்டு மறுபடி ஓடியவர், கடும் குற்றத்தில் சிக்கியவர், தேடப்படும் நபராக அறிவிக்கப்பட்டவர் ஆகியோரை ரிமாண்ட் செய்வதுண்டு. அந்த அறிவிப்பு வரை போயிருந்தால் வேலை கடினம். சொத்து ஜப்திக்கும் அது வழி திறக்கும், முன்ஜாமீனும் பொதுவாகக் கிடைக்காது. உங்கள் வழக்குக் கட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்பதை வக்கீல் முதலிலேயே பார்த்துச் சொல்ல வேண்டும்.

போகும் நாளை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமை மதியமும் தொடர் விடுமுறைக்கு முந்தைய நாளும் வேண்டாம். ஏதாவது கோளாறாகி ரிமாண்ட் ஆனால் ஜாமீன் மனு போடவே அடுத்த வேலை நாள் வரை காத்திருக்க வேண்டும். நடுவர் விடுப்பில் இருக்கிறாரா என்று முந்தைய நாள் விசாரியுங்கள். பொறுப்பு நடுவர் வேறொருவரின் வாரண்டில் கை வைக்கத் தயங்கலாம். எல்.பி.சி வழக்கு என்றால் வழக்குக் கட்டை ஆவண அறையிலிருந்து எடுத்து வைக்கும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும். காலையில் கோர்ட் கூடுமுன் போய்விடுங்கள். ஜாமீன்தாரர் இருவரை ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம், சொத்து வரி ரசீது சகிதம் கூடவே அழைத்துப் போவது நல்லது.

மனுவில் ஏன் வரவில்லை என்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள். வேலைக்காக ஊர் மாறினேன், வக்கீலோடு தொடர்பு அறுந்தது என்பதைத் திருப்பூர் முகவரிச் சான்றோடு, சம்பளச் சீட்டோடு சொன்னாலே போதும். டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று காசு கொடுத்து வாங்கிய மருத்துவச் சான்றிதழ்களை நடுவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

உங்களுக்காக 2019இல் கையெழுத்துப் போட்ட ஜாமீன்தாரர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள். நீங்கள் வராததால் பத்திரத் தொகையைக் கட்டச் சொல்லி அவர்களுக்கு நோட்டீஸ் போயிருக்கலாம். அந்தத் தொகையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் ஆஜரான பிறகு கேட்டால் எளிது.

வாரண்ட் ரத்தானதும் பலர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கேதான் வினை. நீதிமன்றத்தில் ரத்தானது காவல் நிலையப் பதிவேட்டில் ஏறும் வரை, போலீஸைப் பொறுத்தவரை வாரண்ட் அப்படியே இருக்கிறது. மும்பையில் 2002 ஆகஸ்டில் ஒரு வழக்கறிஞருக்கே இது நடந்தது. 12ஆம் தேதி நீதிமன்றத்தில் ஆஜராகி வாரண்டை ரத்து செய்துகொண்டார், ஆனால் உத்தரவின் நகலை வாங்கவில்லை. 15ஆம் தேதி, சுதந்திர தினத்தன்று, போலீஸ் அவரைக் கைது செய்தது. ரத்தாகிவிட்டது என்று அவர் சொன்னதைக் காட்டக் கையில் காகிதம் இல்லை. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2011இல்தான் முடிந்தது. நீங்கள் அன்றே நகல் மனு போடுங்கள், வாரண்டைத் திருப்பி அனுப்பும்படி நிலையத்துக்குக் கடிதம் போனதா என்று கேளுங்கள், நகல் கைக்கு வந்ததும் ஒரு பிரதியை வக்கீல் மூலம் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். போனில் ஒரு படமும் இருக்கட்டும்.

அதன்பின் திருப்பூரிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர முடியாதே என்றால், வர முடியாத நாளில் வக்கீல் அன்று காலையே பழைய சட்டத்தின் 317 பிரிவின்கீழ், நீங்கள் நேரில் வராததை அனுமதிக்கக் கேட்டு மனு போட வேண்டும். புதிய சட்டத்தில் அது 355. எப்போதாவது ஒருமுறைக்கு அது செல்லும், ஒவ்வொரு முறையும் செல்லாது.

ஒரு எச்சரிக்கை மற்ற வாசகர்களுக்கு: ஜீவனாம்ச பாக்கிக்காகக் குடும்ப நீதிமன்றம் போடும் வாரண்டும், கடன் தீர்ப்பை நிறைவேற்ற சிவில் நீதிமன்றம் போடும் கைது வாரண்டும் வேறு ரகம். அங்கே ஆஜரானால் மட்டும் போதாது, பணத்தில் ஒரு பகுதியையாவது கையில் கொண்டுபோக வேண்டும்.

பாஸ்போர்ட் கெட்டுப்போகவில்லை, தள்ளிப்போகிறது. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி, வாரண்ட் இருந்தால் மறுக்கலாம். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலும் மறுக்கலாம். ஆனால் வழக்கு நடக்கும் நீதிமன்றமே வெளிநாடு செல்ல அனுமதி தந்தால் பாஸ்போர்ட் கிடைக்கும். உத்தரவில் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்கு மட்டும் தருவார்கள். ஆகவே வாரண்ட் ரத்தாகி, இரண்டு மூன்று வாய்தாக்களுக்கு ஒழுங்காகப் போன பிறகு அனுமதி மனு போடுங்கள், எத்தனை வருடம் வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்ற இடத்தில் உண்டு என்றே நிரப்புங்கள். மறைத்தால் அது தனிக் குற்றம்.