பால் கணக்கில் வைத்த புள்ளிகள்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 34. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஒரு பெண் குழந்தை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து தினமும் இமாடினிப் 400 மி.கி. சாப்பிடுகிறேன். நோய் கட்டுக்குள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் மாதவிடாய் என்னைப் படுத்துகிறது. முன்பு நான்கு நாளில் முடிந்துவிடும். இப்போது ஒன்பது, பத்து நாட்கள், அதுவும் கட்டி கட்டியாக. வகுப்பில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பயமாக இருக்கிறது. ஏழெட்டு மாதங்களாக அந்த நாட்களில் ஐந்து நாள் இமாடினிபை நிறுத்திவிடுகிறேன். கொஞ்சம் குறைவதுபோல் தெரிகிறது. மருந்துக்கடையில் வலிக்கும் போக்குக்கும் சேர்த்து ஒரு மாத்திரை தருகிறார்கள். மாமியார் அசோகப்பட்டைக் கஷாயம் போட்டுத் தருகிறார். இந்த மருந்து சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது என்பதால் சென்ற ஆண்டு காப்பர்-டி போட்டுக்கொண்டேன். முகம் வீங்குகிறது, நிறம் வெளுக்கிறது, திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது. மருத்துவரிடம் என் கணவர்தான் பேசுவார். அவர் பக்கத்தில் இருக்கும்போது இதையெல்லாம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் இது சரியாகுமா? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

சென்ற வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது என் சித்தியின் 2009ஆம் ஆண்டு மாதக் காலண்டர் கிடைத்தது. அதைத் தூக்கிப்போட மனமில்லாமல் மேசையின் மீதே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதற்கு முதலில் பதில் எழுதுவதற்கு அந்தக் காலண்டர்தான் காரணம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான் மருத்துவர் அல்ல. இதே நோயோடு இருக்கும் ஒருவருடன் பல ஆண்டுகள் மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்தவள், அவ்வளவுதான்.

முதலில் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மாதம் ஐந்து நாள் இமாடினிபை நிறுத்துகிறேன் என்று, துணி துவைப்பதை நாளைக்குத் தள்ளிவைத்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை மாதத்துக்கு ஐந்து நாள் வரவில்லை என்றால் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெற்றோரைக் கூப்பிட்டனுப்ப மாட்டீர்களா? முப்பதில் ஐந்து போனால் மிச்சம் 83 சதவீதம். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஓர் ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார்கள். பல ஆண்டுகளாக இமாடினிப் சாப்பிட்டு நோய் நன்றாக அடங்கியிருந்த 87 பேரிடம் மாத்திரைப் புட்டியின் மூடியில் ஒரு மின்னணுக் கருவியைப் பொருத்தி, அவர்கள் எந்த நாள் புட்டியைத் திறந்தார்கள், எந்த நாள் திறக்கவில்லை என்று மூன்று மாதம் கணக்கெடுத்தார்கள். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள், ஆறு ஆண்டுக் கணக்கில் நோயின் சுவடு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும் நிலையை எட்டுவதற்கான வாய்ப்பு 94 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. அதற்குக் கீழே சாப்பிட்டவர்களுக்கு அது 28 சதவீதம். மருந்தும் அதேதான், நோயும் அதேதான். மாதத்தில் மூன்று நாள் தவறியவர்களே கோட்டுக்குக் கீழே விழுந்துவிட்டார்கள். நீங்கள் ஐந்து நாள் தவறுகிறீர்கள்.

நிறுத்தினால் குறைகிறதே என்பீர்கள். எந்த மாதவிடாயும் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ தணியத்தான் செய்யும். அந்தத் தணிவை மாத்திரையை விட்டதன் பலன் என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை இமாடினிப் சிலருக்குக் குறைக்கும் என்பதும், தட்டணு குறைந்தால் போக்கு கூடும் என்பதும் உண்மை. தட்டணு 50,000க்குக் கீழே இறங்கினால் மருத்துவரே மருந்தை நிறுத்தி, 75,000க்கு ஏறிய பிறகு மீண்டும் தொடங்குவார். அந்த முடிவு ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து எடுப்பது. உள்பாவாடையைப் பார்த்து எடுப்பதல்ல. உங்கள் கடிதத்தில் தட்டணு எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஓர் எண்கூட இல்லை.

இருக்கிற ஒரே துப்பை, அதன் பொருள் தெரியாமலேயே, ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். காப்பர்-டி போட்டுக்கொண்ட பெண்களுக்கு மாதவிடாய்ப் போக்கும் வலியும் கூடுவது மகப்பேறு மருத்துவர் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கருத்தரிக்கக் கூடாது என்று ரத்த நோய் மருத்துவர் சொன்னது சரியான அறிவுரை. இமாடினிப் கருவில் உள்ள குழந்தையின் உறுப்புகளைப் பாதிக்கக் கூடியது. கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டவரும் தன்னளவில் தவறு செய்துவிடவில்லை. ஆனால் தட்டணுவைக் குறைக்கக் கூடிய மருந்தை இந்தப் பெண் சாப்பிடுகிறாள் என்று அவருக்கு யார் சொன்னது? காப்பர்-டி போட்டிருக்கிறாள் என்று ரத்த நோய் மருத்துவருக்கு யார் சொன்னது? இரண்டு அறைகளுக்கும் போய் வருகிறவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களோ இரண்டிலும் வாய் திறப்பதில்லை. பிரச்சினை காப்பர்-டிக்குப் பிறகு தொடங்கியதா, அதற்கு முன்பேயா என்று நாளைப் பார்த்துச் சொன்னாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அந்த மருந்துக்கடை மாத்திரையும் அப்படித்தான். பெரும்பாலும் அது டிரனெக்சாமிக் அமிலமும் மெஃபனமிக் அமிலமும் சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருக்கும். மெஃபனமிக் அமிலம் வலியைக் குறைக்கும். அதோடு தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வேலையையும் மந்தமாக்கும். தட்டணு எவ்வளவு என்றே தெரியாத ரத்தப் புற்று நோயாளி, மருத்துவரைக் கேட்காமல், கடைக்காரர் கிழித்துத் தருகிற பட்டையிலிருந்து அதை விழுங்கலாமா?

இனி அந்தக் காலண்டர். சித்திக்கு 2006இல் நோய் தெரிந்தபோது வயது 37. அந்த ஆண்டு ஜனவரியில்தான் இமாடினிபுக்கு நோவார்டிஸ் நிறுவனம் போட்ட காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்த மறுப்பை உறுதிசெய்தது. அந்த மறுப்பினால்தான், மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் என்றிருந்த மருந்தை இந்திய நிறுவனங்கள் தயாரித்துப் பத்தாயிரத்துக்குள் விற்க முடிந்தது. அந்தப் பத்தாயிரத்துக்கும் சித்தப்பா தறிப்பட்டறையில் இரண்டு ஷிப்ட் பார்த்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊரிலிருந்து இரவுப் பேருந்தில் கிளம்பி நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குப் போவார்கள். அறைக்குள் சித்தப்பாதான் பேசுவார். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி, வாந்தி உண்டா, கால் வீக்கம் உண்டா என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் சித்தப்பா பதில் சொல்வார். மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட மாதவிடாய் பற்றி அங்கே எவரும் கேட்கவில்லை. சித்தியும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. 'தூரம்' என்பார்கள், 'தலைக்குத் தண்ணி' என்பார்கள், அல்லது கண்ணைக் காட்டுவார்கள். பெயரில்லாத ஒன்றைப் பற்றி மருத்துவரிடம் எப்படி முறையிடுவது?

2009இல், ரத்தத்தில் நோயின் சுவட்டை அளக்கும் பி.சி.ஆர். பரிசோதனையில் அளவு ஏறியது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. துணைக்கு நான் போயிருந்தபோது, ரவை தேடிச் சமையலறை மேல்தட்டில் கையை விட்டேன். ஒரு ஹார்லிக்ஸ் புட்டி தட்டுப்பட்டது. உள்ளே மாத்திரைகள். தரையில் கொட்டி எண்ணினேன்: நாற்பத்தொன்று. சித்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அந்த நாளுல போட்டா கொட்டுதுடி, அதான்" என்றார். பிறகு சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி என் மடியில் வைத்தார். பால் கணக்கு எழுதும் காலண்டர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று, முக்கால் என்று பாலின் அளவு. கட்டத்தின் வலது கீழ் மூலையில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, நீல மைப் புள்ளிகள். ஒரு நாளில் நான்கு, மறுநாள் ஏழு, அதற்கு அடுத்த நாள் ஒன்பது. துணி மாற்றியதற்கு ஒரு புள்ளி. மாத்திரை போடாத நாட்களில் சிறு பெருக்கல் குறி. எட்டு மாதக் கணக்கு. எழுதப் படிக்கத் தட்டுத்தடுமாறும் பெண், ஆய்வுக்கூடத்தில் வைப்பதுபோல் பதிவேடு வைத்திருக்கிறார். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

அடுத்த முறை நானும் போனேன். சித்தப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அன்று இருந்தவர் ஓர் இளம் மருத்துவர். காலண்டரை வாங்கி, பேனா முனையால் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, முதல்முறையாகச் சித்தியின் முகத்தைப் பார்த்து, "எத்தனை நாளா இப்படிப் போகுதும்மா?" என்று கேட்டார். சித்தி அழுதுவிட்டார். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையில் எலுமிச்சம்பழ அளவுக்கு நார்க்கட்டி. ஹீமோகுளோபின் 7.2. போக்குக்கு முதல் காரணம் அந்த நார்க்கட்டி. பழி முழுவதையும் இமாடினிப் சுமந்திருந்தது. நார்க்கட்டியை எடுத்தார்கள், இரும்புச் சத்து ஏற்றினார்கள். ஆனால் எட்டு மாத ஓட்டைக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. இமாடினிப் முன்போல் கேட்கவில்லை, டாசாடினிப் என்ற வேறொரு மருந்துக்கு மாற்றினார்கள். அந்த மருந்துக்கென்றே பேர்போன தொல்லை நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது. சித்திக்கு இரண்டு முறை நீர் கோத்தது; இரண்டு முறையும் முதுகில் ஊசி குத்தி எடுத்தார்கள். இரண்டாம் முறை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். ஐந்து நாள்தானே என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்தக் கை என் நினைவுக்கு வந்தது.

மருந்துடன் வரும் தகவல் தாளை வாங்கிப் படித்துப் பாருங்கள். அதிக மாதவிடாய்ப் போக்கு, ஒழுங்கற்ற மாதவிடாய் இரண்டும் அதில் இருக்கின்றன. அரிதாக வருபவை என்ற பத்தியில், நூற்றில் ஒருவருக்கும் குறைவாக என்று போட்டிருக்கும். எனக்கு அந்தக் கணக்கின்மேல் முழு நம்பிக்கை இல்லை. மேலை நாடுகளில் இந்த நோய் தெரியவரும்போது பலருக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும்; அந்தப் பெண்களுக்கு மாதவிடாய் நின்று வெகு காலமாகியிருக்கும். நம் நாட்டில் நாற்பதை ஒட்டியும் அதற்கு முன்பும் வருகிறது. சித்திக்கு 37, உங்களுக்கு 32. அப்படியென்றால் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்க வேண்டியவர்கள் நம் ஊர்ப் பெண்கள். இங்கே மருத்துவர் கேட்பதில்லை, கணவர் சொல்வதில்லை, பெண் வாய் திறப்பதில்லை. சொல்லப்படாதது எந்தப் பத்தியில் ஏறும்? வாந்தியைச் சொல்லக் கூச்சமில்லாத நமக்கு ரத்தத்தைச் சொல்ல மட்டும் ஏன் கூச்சம்? வந்திருப்பதே ரத்தத்தில் நோய். போவதும் அதே ரத்தம். அது எவ்வளவு போகிறது என்பதை ரத்த நோய் மருத்துவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? உங்கள் கணவர் நல்லவர் என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது. நல்லவர் என்பதற்காக உங்கள் உடம்புக்கு அவர் வாய் ஆகிவிட முடியாது.

முக வீக்கத்தையும் நிற மாற்றத்தையும் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. இமாடினிப் புற்றணுவின் புரதத்தை மட்டுமல்லாமல் தோலின் நிறமணுக்களுக்கு வேண்டிய வேறொரு புரதத்தையும் தடுக்கிறது, வெளுப்பு அதனால். கண்ணைச் சுற்றிய வீக்கம் இந்த மருந்தில் மிகச் சாதாரணம். கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். இமாடினிபை உடைப்பது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. அதன் வேகத்தைக் கூட்டுகிற மூலிகைகளும் உண்டு, குறைக்கிறவையும் உண்டு. மாமியாரிடம் மருத்துவர் வேண்டாம் என்றார் என்று சொன்னால் வருத்தப்பட மாட்டார். உடம்பு கொதிப்பதற்கும் கோபத்துக்கும் தைராய்டையும், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். அளவையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பத்து நாள் ரத்தம் போகிற பெண்ணுக்குக் கோபம் வர வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

நீங்கள் கேட்ட ஹார்மோன் மாத்திரை: அதைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். இமாடினிபும் அதுவும் கல்லீரலில் ஒன்றையொன்று பாதிக்கும், சில வகைகளில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. காப்பர்-டி போலவே கருப்பைக்குள் வைக்கிற, போக்கைக் குறைக்கிற ஹார்மோன் சாதனம் என்று ஒன்று இருக்கிறது. காப்பர்-டியை எடுத்துவிட்டு அதை வைக்கலாமா என்று மகப்பேறு மருத்துவரும் ரத்த நோய் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். காரணத்தைக் கண்டுபிடித்தால் சரியாகிற தொல்லை இது.

இன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: தொடங்கிய நாள், முடிந்த நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி போனால் ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதா சிறிதா, அன்று மாத்திரை போட்டதா இல்லையா. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைவது இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ, நோட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் நாள் கேட்டுப் போங்கள். ஏழெட்டு மாதம் மாத்திரை விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பி.சி.ஆர். எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அறைக்குள் போகும்போது கணவரைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். சித்தப்பா உட்கார்ந்தார், அவருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

சித்தி இப்போது கரூரில் மகனுடன் இருக்கிறார். உங்கள் கடிதத்தைத் தொலைபேசியில் அவருக்குப் படித்துக் காட்டினேன், பெயர் சொல்லவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு இன்னிக்கி மாத்திரை போட்டுச்சான்னு கேளு" என்றார்.