மருமகளின் கணக்கும் மாமாவின் கோபமும்

கேள்வி: என் தங்கை மகள் பேராதனையில் கணிதத்தில் சிறப்புப் பட்டம் எடுத்தாள். ஆசிரியர் வேலைக்குப் போவாள் என்று பார்த்தால், மேலே ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கணிதம், பௌதிகம், மொழி கற்றல், கைத்தொழில், சுகாதாரம், எதைத் தொட்டாலும் இப்போது ஆராய்ச்சிதான். போன வருடம் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கும் நாலு பேர் வந்து கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஆளையும் காணோம், பதிலையும் காணோம். இவற்றால் தோட்டத்துச் சனத்துக்கு ஒரு சதப் பிரயோசனமாவது உண்டா? மழுப்பாமல் சொல்லுங்கள்.
(பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், பொகவந்தலாவை)

பதில்: ஐயா, இரண்டு வேறு சரக்கை ஒரே சாக்கில் அமுக்கிக் கட்டிக்கொண்டு வந்து தராசில் வைத்திருக்கிறீர்கள். பிரித்துத்தான் நிறுக்க வேண்டும். லயத்துக்கு வந்துவிட்டுக் காணாமல் போனவர்கள் மேல் உங்களுக்குள்ள கோபம் நியாயமானது, அதில் நானும் உங்கள் கட்சி. மருமகள் மேல் உள்ள கோபம் நியாயமில்லை. அவர்கள் செய்த பிழைக்கு இவளுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், போடுகிறீர்கள்.

முதலில் அந்த ஒரு சதக் கணக்கைப் பார்ப்போம். நம் பாட்டன் பூட்டன்மார் இந்த மலைக்கு வந்தது தேயிலைக்கு இல்லை, கோப்பிக்கு. 1869இல் கோப்பி இலையில் ஒரு பூஞ்சணம் துருப் பிடித்ததுபோலப் படர ஆரம்பித்தது. அதை ஆராய 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து வந்து, இரண்டு வருடம் இருந்து, அதன் வித்துகள் காற்றில் தூசியாகப் பறந்து பரவுகின்றன என்றும், மலைக்கு மலை இடைவெளி விடாமல் ஒரே பயிரை நட்டதே அதற்கு வழி திறந்துவிட்டது என்றும் காட்டினார். துரைமாருக்கு வேண்டியிருந்தது மருந்து. அவரிடம் மருந்து இருக்கவில்லை. கோப்பி போனது, தேயிலை வந்தது, துரைமார் திரும்பவும் மலைக்கு மலை ஒரே பயிரைத்தான் நட்டார்கள். அது வார்டின் பிழை இல்லையே.

தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 1925இல் தொடங்கிய நிலையம். அப்போது கொழுந்தைச் சுருட்டித் தின்னும் ஒரு புழு தோட்டங்களை ஆட்டிவைத்தது. 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டை இடும், குஞ்சு புழுவைத் தின்றுவிட்டு வெளியே வரும். புழு அடங்கியது, மருந்தும் இல்லை, பீப்பாயைத் தூக்கிக்கொண்டு மலை ஏறவும் தேவையில்லை. அப்புறம் 1950களில், தண்டைத் துளைக்கும் வண்டுக்கு என்று டீல்ட்ரின் என்ற பூச்சி மருந்தை அடித்தார்கள். அந்த நஞ்சில் குளவி செத்தது, புழு திரும்பவும் கிளம்பியது. இந்தச் சங்கிலியைப் பிடித்துச் சொன்னவர்களும் ஆராய்ச்சிக்காரர்கள்தான். ஒன்றைத் தட்டினால் இன்னொன்று எங்கே எழும்பும் என்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் ஒரு நாட்டுக்கு வேண்டும். அந்த ஆளைக் கேட்காமல் ஆடினால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள், விவசாயம் படித்தவர்கள் கத்தினார்கள், நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள். அதற்குள் செடி பசி கிடந்துவிட்டது. 2021இல் 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த நாட்டின் தேயிலை, 2022இல் 25 கோடி சொச்சத்துக்கு இறங்கியது. கொழுந்து இல்லாத மலையில் கிலோ காணாமல் அரைப்பேர் வாங்கியது யார்?

சரி, அதெல்லாம் தேயிலை ஆராய்ச்சி, அதில் குறை சொல்லவில்லை, கணிதம் எதற்கு என்பீர்கள். கணிதத்திலும் ஒரு தேநீர்க் கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ரொதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் பிஷர் என்ற கணிதக்காரர் 1919இல் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பாசிகளை ஆராய்ந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று வாயில் வைத்தவுடன் சொல்லிவிடுவேன் என்றாராம். நம் வீட்டில் என்றால் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். பிஷர் அதைச் சோதிக்க வழி தேடினார். 1935இல் அவர் எழுதிய புத்தகத்தில் அந்தச் சோதனை வருகிறது: 8 கோப்பை, நாலில் பால் முதலில், நாலில் தேநீர் முதலில், வரிசை குலுக்கல். பால் முதலில் ஊற்றிய நாலையும் பொறுக்கி எடுக்க வேண்டும். எட்டில் நாலைப் பொறுக்க 70 வழி உண்டு. ஆக, ஒன்றும் தெரியாத ஒருவர் குருட்டாம்போக்கில் நாலையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புத்தான். மூன்று சரி, ஒன்று பிழை என்றால்? முக்கால்வாசி சரிதானே என்று நாம் மார்க்ஸ் போட்டுவிடுவோம். எண்ணிப் பாருங்கள், அப்படி வருவதற்கு 16 வழி இருக்கிறது, முழுதும் சரியான அந்த ஒன்றையும் சேர்த்தால் 17. எழுபதில் பதினேழு, கிட்டத்தட்ட நாலில் ஒன்று. அதாவது ஒன்றும் தெரியாதவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுத்தால், அதில் ஒருவர் பெரிய நாக்குக்காரர் போல நடமாடுவார்.

'என் கஷாயம் குடித்த நாலு பேரில் மூன்று பேருக்குச் சுகம்' என்று டவுனில் ஒருவர் சொல்லும்போது காசை எடுக்காமல் நிற்க இந்தக் கணக்குத்தான் கைகொடுக்கும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வேலை செய்கிறதா என்று பிரிட்டனில் பார்த்தபோதும் குலுக்கல்தான். டொக்டருக்கு மனதுக்குப் பிடித்த நோயாளிக்கு மருந்து, மற்றவருக்குப் படுக்கை மட்டும் என்று போகாமல், சீட்டுப் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, உறை பிரித்தபடி நடந்தார்கள். 6 மாதத்தில் மருந்து எடுத்த 55 பேரில் இறந்தவர்கள் 4, எடுக்காத 52 பேரில் இறந்தவர்கள் 14. 1948இல் இது வெளியானது. லயத்து அறைகளில் இருமி இருமிச் செத்த நம் பழைய ஆட்களை நினைத்துக்கொண்டு அந்த இரண்டு எண்ணையும் திரும்ப ஒருமுறை படியுங்கள்.

இதிலாவது கணக்கும் மருந்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ராடொன் கதை இன்னும் மோசம். ஜொஹான் ராடொன், ஆஸ்திரியக் கணிதக்காரர், 1917இல் ஒரு கேள்விக்கு விடை எழுதினார்: ஒரு பொருளின் ஊடாக எல்லாப் பக்கத்தாலும் கோடு கீறி, ஒவ்வொரு கோட்டிலும் உள்ளதைக் கூட்டி வைத்திருந்தால், உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று திருப்பிக் கண்டுபிடிக்கலாமா? கண்டுபிடிக்கலாம். அவ்வளவுதான் விடை. அவருடைய மாமா யாராவது கேட்டிருந்தால் அதில் ஒரு சதப் பிரயோசனம் காட்டியிருக்க முடியாது. ராடொன் 1956இல் செத்தும் போனார். 1963-64இல் அலன் கோமக் என்ற பௌதிகக்காரர், ராடொனின் வேலையைப் பற்றித் தெரியாமலே, எக்ஸ்ரேக்காக அதே கணக்கைத் தனியாகப் போட்டு வெளியிட்டார், அதையும் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. கடைசியில் இசைத்தட்டு விற்ற ஈ.எம்.ஐ. கம்பனியில் இருந்த ஹவுன்ஸ்பீல்ட் என்ற பொறியியலாளர் மெஷினைக் கட்ட, 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். கோமக்குக்கும் ஹவுன்ஸ்பீல்டுக்கும் 1979இல் நோபல் பரிசு. தேயிலை வடிகானில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டவரைக் 'கண்டிக்குக் கொண்டுபோங்கள், சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும்' என்று நம் வைத்தியசாலையில் எழுதிக் கொடுக்கிறார்களே, அதற்குப் பின்னால் இருப்பது 54 வருடம் சும்மா கிடந்த ஒரு கணக்கு.

(பௌதிகத்தை ஏன் விடுவான் என்று ஒரு துண்டு: தேயிலைச் சாயத்தை வடிகட்டாமல் ஊற்றிக் கலக்கினால் தூள் ஓரத்துக்கு ஓடாமல் நடுவில் ஏன் குவிகிறது? 1926இல் ஐன்ஸ்டைன் இதை விளக்கி, ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரை ஏன் அரிக்கிறது என்பதையும் அதே காரணத்தால் சொன்னார். நாளைக் காலையில் கலக்கிப் பாருங்கள்.)

மொழி கற்றலையும் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். ஹட்டன் டவுனில் மூன்று மாதத்தில் ஆங்கிலம், ஆறு வாரத்தில் சிங்களம் என்று சுவர் முழுக்க நோட்டீஸ். பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்து மாலை வரை உட்கார வைத்து அமுக்குகிறார்கள், அடுத்த ஞாயிறு வரை தொடுவதில்லை. ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, தன்னையே எலியாக வைத்து ஆராய்ந்து 1885இல் எழுதினார். ஒரே நாள் கழித்துத் திரும்பப் படித்தால் முதல் நாள் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு மிச்சமானது. ஒரே மூச்சில் 68 தரம் படித்துக் கிடைத்த பலன், மூன்று நாளுக்குப் பிரித்துப் படித்தபோது 38 தரத்தில் கிடைத்தது. பீஸ் கட்டும் முன்னால் இதை அந்த வகுப்புக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், உங்கள் காசுக்குப் பிரயோசனம் உடனே தெரியும்.

இனி உங்கள் நியாயமான கோபத்துக்கு வருகிறேன். என் அம்மா இருந்த காலத்தில் எங்கள் லயத்துக்கும் ஆட்கள் வந்தார்கள், எந்த கெம்பஸ் என்று சொல்லப்போவதில்லை. கேள்வித்தாள் ஆங்கிலத்தில். வந்த பையன் பாதித் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்கிறான், வழிகாட்ட வந்த கணக்கப்பிள்ளை வாசற்படியில் சாய்ந்து நிற்கிறார். 'ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடும்மா?' அம்மா கணக்கப்பிள்ளையைப் பார்த்தார், முந்தானையைச் சரிசெய்தார், 'மூணு வேளை' என்றார். அந்த மாதம் மத்தியானத்துக்கு வெறும் சாயமும் காலையில் மிஞ்சிய ரொட்டித் துண்டும்தான் என்று எனக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது. அம்மாவின் அந்த மூன்று, சராசரியைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ ஓர் அட்டவணையில் இன்னமும் உட்கார்ந்திருக்கும். அதை வைத்து ஒருவர் கலாநிதி ஆகியிருப்பார். நம்மைப் பற்றி எழுதப்பட்டதில் எவ்வளவு இப்படி என்று நினைத்தால் வயிறு எரிகிறது. எரிவதால்தான் சொல்கிறேன்: கணக்கப்பிள்ளை வாசலில் நின்றால் எண் பொய்யாகும் என்பது லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பட்டம் இல்லாமலே தெரியும். அந்தப் பிள்ளையைப் படித்தது போதும் வா என்று நீங்கள் இழுத்தால், அடுத்த தடவையும் அதே பையன்தான் வருவான்.

அவன் வந்தால் ஒன்று செய்யுங்கள். கேள்விக்குப் பதில் சொல்லும் முன் நீங்கள் கேளுங்கள்: ஆராய்ச்சி முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே, முடிவைத் தமிழில் எப்போது கொண்டுவந்து காட்டுவாய், கணக்கப்பிள்ளை ஏன் இங்கே நிற்கிறார்? பிடிக்காவிட்டால் மாட்டேன் என்று சொல்லலாம், பாதியில் எழும்பியும் போகலாம். மருத்துவ ஆராய்ச்சியில் பங்கெடுப்பவரைக் காக்க 1964இல் எழுதிய ஹெல்சிங்கிப் பிரகடனம் இருக்கிறது, பங்கெடுத்தவர் கேட்டால் பொதுவான முடிவைச் சொல்ல வேண்டும் என்பதும் பிறகு அதில் சேர்ந்திருக்கிறது. தயவு கேட்பதுபோல நிற்காதீர்கள்.

மருமகள் விஷயத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது, அதுதான் உண்மையான கேள்வி: ஆராய்ச்சி செய்யும் வருடங்களில் அவள் எதைச் சாப்பிடுவாள், தங்கை வீட்டுக் கடனை யார் கட்டுவது? அதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். உதவித்தொகை உண்டா, எத்தனை வருடத்துக்கு, கூடவே படிப்பிக்க இடம் கிடைக்குமா என்று அவளிடமே நேராகக் கேளுங்கள். பணம் சரிவரவில்லை என்றால் இரண்டு வருடம் பாடசாலையில் படிப்பித்துவிட்டுப் போவதும் ஒரு வழி, பலர் அப்படிப் போயிருக்கிறார்கள். பிரயோசனம் இல்லை என்று மட்டும் சொல்லி மறிக்காதீர்கள்.

தீபாவளிக்கு வருவாள் அல்லவா, அரை மணித்தியாலம் உட்கார்ந்து அவள் போடும் கணக்கு என்னவென்று கேளுங்கள். விளங்கினால் அதை அவளே தமிழில் எழுதி அனுப்பட்டும், இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன். விளங்காவிட்டாலும் அனுப்பட்டும், எனக்கு விளங்குகிறதா என்று பார்ப்போம். போதுமான முத்திரை ஒட்டச் சொல்லுங்கள், உங்கள் கடிதத்துக்கு நான்தான் தண்டம் கட்டி எடுத்தேன்.