ஞானஸ்நானம் எடுத்தால் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் போய்விடுமா?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன். வயது 43. தையல் வேலை. ஆதி திராவிடர், இந்து. மூன்று வருடத்துக்கு முன்னால் மகனுக்கு டெங்கு வந்து ஸ்டான்லியில் பதினோரு நாள் கிடந்தான். அவன் பிழைத்தால் என்னிடம் இருப்பதைக் கொடுக்கிறேன் என்று எங்கள் தெரு ஜெபவீட்டில் பொருத்தனை செய்தேன். பிழைத்துவிட்டான். போன ஆடியில் மூன்று சவரன் செயினைச் சேட்டுக் கடையில் வைத்துக் காணிக்கை கொடுத்தேன். இப்போது ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று மனசு சொல்கிறது. கணவர் வரமாட்டார், தடுக்கவும் இல்லை. மகன் எஸ்.சி. இடத்தில் காலேஜ் முதல் வருடம், மகள் எட்டாவது. நான் மாறினால் அவர்கள் சான்றிதழ் கேன்சல் ஆகுமா? கொடுங்கையூரில் அப்பா வீட்டில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு. அதையும் ஜெபவீட்டுக்கு எழுதிவைப்பதாக நேர்ந்திருக்கிறேன். மதம் மாறினால் பங்கே கிடையாது என்கிறார்கள் இரண்டு அண்ணன்களும். ஜெபவீட்டு வேலைகளைப் பார்க்கும் ஒருவர், மதமாற்றப் பேப்பர், கெஜட், பிள்ளைகள் சான்றிதழ் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். காசிமேட்டில் இருந்து வரும் மீனவர் வீட்டு அக்கா, 'நாங்க மூணு தலைமுறையா கிறிஸ்டியன், எங்க சர்டிபிகேட் அப்படியே இருக்கு, பயப்படாதே' என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: சகோதரிக்கு, முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் மட்டும் ஞானஸ்நானம் எடுத்தால் பிள்ளைகளின் சான்றிதழ் போகாது. அப்பா இந்து ஆதி திராவிடர், பிள்ளைகளும் இந்துவாகவே வளர்கிறார்கள். அம்மா முழுக்கு எடுத்தாள் என்பதற்காக அவர்கள் மதம் தானாக மாறிவிடாது.

போவது உங்களுடைய எஸ்.சி. தகுதி. 1950-ல் குடியரசுத் தலைவர் போட்ட ஆணையின் மூன்றாவது பத்தி அப்படி. இந்து மதத்தில் இருப்பவர்தான் பட்டியல் சாதி என்று அன்றைக்கு எழுதினார்கள். 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரையும் முஸ்லிமையும் இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதி திராவிடர் கிறித்தவரானால் பி.சி. என்கிற பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வந்துவிடுவார். 18 சதவீத இடஒதுக்கீட்டு வரிசையில் நின்றவர் 26.5 சதவீத வரிசையில் போய் நிற்கலாம், அங்கே கூட்டம் அதிகம். 43 வயதில் நீங்கள் அரசு வேலைக்கு எழுதப் போவதில்லை. ஆனால் சாதிப் பெயர் சொல்லி யாராவது உங்களை அவமானப்படுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கும் வழி அடைபடும். ஆந்திராவில் ஒரு போதகர் கொடுத்த வழக்கில் அந்த மாநில உயர் நீதிமன்றம் 2025-ல் அப்படித்தான் சொன்னது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்லிவைக்கிறேன்.

ஜெபவீட்டுக்குப் போவதும் மதம் மாறுவதும் ஒன்றல்ல. ராமநாதபுரத்தில் கிறித்தவரைக் கல்யாணம் செய்த ஒரு டாக்டரம்மாவின் கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியதைப் பார்த்துவிட்டு அதிகாரிகள் அவர் சான்றிதழையே ரத்து செய்தார்கள். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்தது. சிலுவை மாட்டுவதாலோ சர்ச்சுக்குப் போவதாலோ ஒருவர் தன் மதத்தை விட்டுவிட்டார் என்று ஆகாது என்றது. ஆகவே இந்த மூன்று வருடம் நீங்கள் முழங்கால் போட்டு ஜெபித்ததால் எதுவும் ஆகிவிடவில்லை. கோடு எங்கே விழுகிறது என்றால், ஞானஸ்நானப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும் நாளில்.

பதிவேட்டை லேசாக நினைக்காதீர்கள். புதுச்சேரியில் ஒரு பெண், 1990 நவம்பரில் பிறந்தவர், 1991 ஜனவரியில் வில்லியனூர் மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார். இருபத்தைந்து வருடம் கழித்து அரசு வேலைக்காக இந்து எஸ்.சி. சான்றிதழ் கேட்டார். கைக்குழந்தையில் ஏறிய அந்தப் பதிவைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். 2024 நவம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம், சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்று தீர்ப்பு சொன்னது. உங்கள் மகள் எட்டாவது படிக்கிறாள் என்றதும் எனக்கு இந்த வழக்குதான் ஞாபகம் வந்தது. 'பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க, ஒரே நாள்ல முடிச்சிடலாம்' என்று பாசமாகத்தான் கூப்பிடுவார்கள். கூட்டிப் போகாதீர்கள். அவள் வளர்ந்து, விவரம் தெரிந்து, அவளே முடிவு செய்யட்டும். மகன் மேஜர், அவன் விஷயம் அவன் கையில். பிள்ளைகளின் டி.சி.யில் மதம் என்று இருக்கும் கட்டத்தை யாரும் தொட வேண்டாம்.

இனி காசிமேட்டு அக்காவைப் பற்றி. அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது அவருக்குச் சரி, உங்களுக்குத் தப்பு. எங்கள் பக்கம் பாதிக் குழப்பம் இந்த ஒரே இடத்தில்தான் விளைகிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எஸ்.சி. பட்டியல் டெல்லி போட்டது, அதில் மதம் ஒரு நிபந்தனை. எம்.பி.சி. என்கிற மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் நம் மாநிலம் போட்டது. அதில் மீனவர் என்ற பெயருக்குப் பக்கத்திலேயே கிறித்தவத்துக்கு மாறியவர்கள் உட்பட என்று எழுதியிருக்கிறது. பட்டினவர், செம்படவர், பர்வதராஜகுலம் எல்லாம் அந்த ஒரே வரிக்குள் வருகிறார்கள். ஆகவே காசிமேட்டில் படகு வைத்திருக்கும் குடும்பம் கோயிலுக்குப் போனாலும் எம்.பி.சி., மாதா கோயிலுக்குப் போனாலும் எம்.பி.சி. பெரிய பாளையத்தம்மனுக்கு வேப்பிலை கட்டுகிறவரும் ஜெபமாலை உருட்டுகிறவரும் ஒரே சான்றிதழைத்தான் நீட்டுகிறார்கள். ராயபுரம் என்ற பெயரே இராயப்பர் என்கிற பேதுருவின் பெயரில் இருந்து வந்தது என்பார்கள், அந்தக் கரையில் கிறித்தவம் அவ்வளவு பழசு. அதற்காக அந்த வரி ஆதி திராவிடருக்கும் பொருந்தும் என்று நினைத்தால் மோசம் போவீர்கள். அந்த அக்கா நல்ல மனசோடு சொன்ன 'பயப்படாதே' என்ற ஒரு சொல்லை நம்பி, மகளையும் முழுக்குக்குக் கூட்டிப்போன அம்மாக்கள் என் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். ஒரே ஜெபவீடு, ஒரே தண்ணீர்தான், ஆனால் வெளியே வரும்போது ஒருத்திக்கு ஒன்றும் மாறவில்லை, பக்கத்தில் நின்றவளுக்கு எல்லாம் மாறிவிடுகிறது. இது என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மதம் மாறினால் சாதி போய்விடுமாம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் நடுவில் சுவர் வைத்துத் தலித் கிறித்தவர்களைத் தனியாகப் புதைத்த ஊர் இது. செத்த பிறகும் விடாத சாதி சான்றிதழில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் காணாமல் போகிறது. 1950 ஆணையின் அந்த மூன்றாவது பத்தியை எதிர்த்து 2004-ல் உச்ச நீதிமன்றம் போன வழக்கு இருபது வருடம் தாண்டியும் இழுத்துக்கொண்டே போனது. 2022-ல் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள், அதற்கும் தவணை நீட்டினார்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டு அனுப்பியது. இவர்கள் முடிப்பதற்குள் உங்கள் மகள் டிகிரி முடித்துவிடுவாள் போலிருக்கிறது.

அந்த 18,000 ரூபாய் ஆளைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். தமிழ்நாட்டில் மதம் மாற யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் ஒன்று 2002-ல் வந்தது, 2004 தேர்தலுக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். இன்றைக்குக் கலெக்டருக்கு மனு, முன்னறிவிப்பு எதுவும் இங்கே கிடையாது. உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது, அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே ஃபாரம் விற்கிறார்கள். கெஜட் என்பது பெயரை மாற்றினால் மட்டும். சரோஜா சாராள் ஆகிறாள் என்றால் அண்ணா சாலையில் இருக்கும் எழுதுபொருள் அச்சுத்துறைக்கு நேரே விண்ணப்பிக்கலாம். பெயரை மாற்றாமல் கர்த்தரைக் கும்பிட கெஜட் எதற்கு? பிள்ளைகளின் சான்றிதழோ ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. புதிதாக வேண்டும் என்றாலும் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம், தாசில்தார் கையெழுத்து. ஆக அவர் விற்பது எல்லாம் ஒன்று இலவசம், இல்லையென்றால் தேவையில்லாதது, அதுவும் இல்லையென்றால் போலி.

போலி என்று சும்மா சொல்லவில்லை. சில வருடத்துக்கு முன் ஒரு பையன் என்னிடம் வந்தான். தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்த சாதிச் சான்றிதழ் கார்டு, இன்னும் பிளாஸ்டிக் வாடை போகவில்லை. பார்த்தவுடன் எனக்கு உறுத்தியது. தாசில்தார் முத்திரை வட்டம் ஒரு பக்கம் நசுங்கி முட்டை மாதிரி இருந்தது. வேலைக்குத் தேர்வாகிச் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டினான். தரகருக்கு அவன் அம்மா கொடுத்தது ஒன்பதாயிரம். அவனுக்கு அசல் சான்றிதழ் வாங்கும் தகுதியே இருந்தது என்பதுதான் கொடுமை. அந்த அலுவலகத்தில் இரண்டு முறை 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று காரணம் எழுதாமல் அனுப்பியிருக்கிறார்கள், அலுத்துப்போய் அவன் அம்மா தரகரிடம் போயிருக்கிறாள். காரணத்தை ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் குடும்பம் பிழைத்திருக்கும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. 'இப்ப மாறிக்கோங்க, காலேஜ் அட்மிஷன் நேரத்துல தாய் மதம் திரும்பினதா ஒரு சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்' என்பார்கள். தாய் மதம் திரும்பினால் சாதித் தகுதியும் திரும்ப வரும் என்பது உண்மைதான். ஆனால் 2015-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு மூன்று விஷயம் கேட்டது: பழைய சாதிக்கு ஆதாரம், திரும்பியதற்கு ஆதாரம், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம். ஒரு காகிதத்தில் முடிகிற வேலை இல்லை.

அவர் நீட்டும் தாள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முக்கியமாக 'பவர்', அதாவது உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம், என்ற சொல் வந்தால் பேனாவைக் கீழே வையுங்கள்.

அப்பா வீட்டுக்கு வருவோம். அண்ணன்கள் சொல்வது சும்மா மிரட்டல். இந்து வாரிசுரிமைச் சட்டம் 26-வது பிரிவு, மதம் மாறியவருக்கு அதற்குப் பின் பிறக்கும் பிள்ளைகளைத்தான் தடுக்கிறது. உங்களைத் தடுக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே பிறந்தவர்கள், அவர்களுக்கும் பாதகம் இல்லை. ஆனால் பங்கு மூன்றில் ஒன்று என்கிறீர்களே, அம்மா இருக்கிறார்களா? அப்பா உயில் எழுதாமல் போய், அது அவர் சம்பாதித்த வீடாக இருந்து, அம்மா உயிரோடு இருந்தால் நாலில் ஒன்றுதான் உங்களுடையது. முதலில் வாரிசு சான்றிதழ், பிறகு பாகப்பிரிவினை, அதன் பிறகுதான் யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சே. பதிவு செய்து கொடுத்த தானத்தைச் சுலபமாகத் திரும்ப வாங்க முடியாது. நெருக்கி வாங்கினார்கள் என்று நிரூபித்தால் ரத்து செய்யலாம், நிரூபிக்கப் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். கணவரையும் நினைத்துப் பாருங்கள். மனைவி மதம் மாறினால் அதையே காரணம் காட்டி விவாகரத்து கேட்க இந்துத் திருமணச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இன்றைக்குத் தடுக்காதவர், வீட்டுப் பங்கும் போனது தெரிந்தால் அப்படியே இருப்பார் என்று நான் உத்தரவாதம் கொடுக்கமாட்டேன்.

பொருத்தனை உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவில் இருப்பது, வக்கீல் நுழையும் இடம் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு வயதான பாஸ்டர், பொருத்தனைக்கு வீட்டுப் பத்திரம் கொண்டுவந்த கிழவியிடம், 'பத்திரத்தை பீரோவுல வையும்மா, சனிக்கிழமை வந்து சபையைக் கூட்டிப் பெருக்கு' என்று சொல்லி அனுப்பினார். உங்கள் பாஸ்டர் ஐயாவிடம் நேரில் பேசுங்கள், இடையில் இருக்கும் அந்த ஆள் இல்லாமல். இந்த 18,000 அவருக்குத் தெரிந்தே இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக அந்தச் செயின். அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சேட்டுக் கடைச் சீட்டின் அடியில் ஒரு வருடம் ஏழு நாள் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆடியில் வைத்திருக்கிறீர்கள், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டு அந்த 18,000 ரூபாய் ஆள் வசம் இருந்தால் இந்த வாரமே கணவரையும் கூட்டிக்கொண்டு போய் வாங்கிவிடுங்கள். தரமாட்டேன் என்றால் கடைக்கே போய் யார் பெயரில் வைத்திருக்கிறது என்று கேட்டு, அதைத் தேதியோடு எழுதி எனக்கு அனுப்புங்கள்.