கியூபெக் கார்டெரி: ஒரே விலை, ஒரே இடமல்ல (கேள்வி பதில்)

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கார்டெரி என்றால் பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே மொன்றியலில் ஒரு சி.பி.இ.யில் ஆசிரியையாக இருக்கிறேன். சி.பி.இ. என்றால் அரசு மானியத்தில், இலாப நோக்கமில்லாமல், நிர்வாகக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையாக இருந்து நடத்தும் கார்டெரி. அதைப் பற்றி எதையும் கேளுங்கள். விசா, வரி எல்லாம் வேண்டாம். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்பவரின் ஊர்.

லவால்: அக்கா, மகளுக்கு எப்போது பதிய வேண்டும்?

இன்றைக்கு.

சென்னை: அண்ணன் குடும்பம் மொன்றியல் போகிறது. அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கட்டணமாமே?

மானிய இடம் கிடைத்தால் அப்படித்தான். 1997இல் நாளுக்கு 5 டொலர் என்று தொடங்கியது, 2025இல் 9.35. டொக்டருக்கும் டாக்சி ஓட்டுபவருக்கும் அதே காசு. சமூக உதவிப் பணத்தில் வாழ்பவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் விலையைச் சமமாக்கியதால் இடம் சமமாகிவிடவில்லை. மொன்றியலில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் சி.பி.இ.களில் குறைவு என்று மாகாணத் தலைமைக் கணக்காய்வாளரே 2020இல் எழுதினார். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. யாரை முதலில் எடுப்பது என்பதை நெடுங்காலம் அந்தந்தக் கார்டெரியே முடிவு செய்தது. அக்கா, தங்கை படித்த இடம் என்றால் முன்னுரிமை, சில இடங்களில் இன்ன நிறுவன ஊழியர் என்றால் முன்னுரிமை. இரவு வேலை முடித்துத் தூங்கும் அம்மா, பிரெஞ்சில் வரும் அந்த ஒரு தொலைபேசி அழைப்பைத் தவறவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அண்ணனிடம் சொல்லுங்கள்: வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

பார்க் எக்ஸ்டென்ஷன்: அகதிக் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது. மானிய இடம் தருவார்களா?

2018இல் அரசு மறுத்தது. அது பாரபட்சம் என்று 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அரசு விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனது. உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பிரம்டன்: எப்போது பதிய வேண்டும்?

பிரம்டன் ஒன்ராறியோ மாகாணம், அது எனக்குத் தெரியாது. உங்கள் பிராந்திய அலுவலகத்தைக் கேளுங்கள்.

ஸ்காபரோ: கார்டெரியால் கியூபெக் பிள்ளைகள் முரடாகிவிட்டார்கள் என்று ஆய்வே இருக்கிறதே. வரிப்பணம் வீண்தானே?

வாங்கோ அண்ணை, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். பேக்கர், குரூபர், மில்லிகன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டது. தாய்மார் வேலைக்குப் போவது கூடியது, பிள்ளைகளின் பதற்றமும் அடிதடியும் கூடின என்று கண்டார்கள். பொய்யில்லை. ஆனால் அது மாகாணம் முழுவதற்கும் போட்ட சராசரி. நல்ல கார்டெரி எது, மோசமானது எது என்று அதில் தெரியாது. ஜாப்பல், திரம்ப்ளே, கோத்தே ஆகிய மூவரின் 2005 ஆய்வையும் படியுங்கள். அவர்கள் கார்டெரிகளுக்கே ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். நல்ல தரம் என்று சொல்லக்கூடியது கால்வாசி அளவுதான், பாதிக்கு மேல் 'பரவாயில்லை' ரகம். சி.பி.இ. மேலே, இலாபத்துக்கு நடத்துபவை கீழே. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் வருவதே குறைவு, வந்தவர்களும் தரம் குறைந்த இடங்களில்தான் அதிகம். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் மட்டமானது கிடைத்தது. திட்டத்தை மூடுவது இதற்குத் தீர்வா?

ஸ்காபரோ: தரம், தரம் என்கிறீர்கள். அதற்கு ஆசிரியைக்குப் பயிற்சி வேண்டுமா? எங்கள் அம்மாமார் படித்துவிட்டா பிள்ளை வளர்த்தார்கள்?

பெப்ரவரி மாதம் ஒரு காலையில் வாருங்கள். ஒன்றரை வயது தாண்டியதும் 8 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை. எட்டுப் பேருக்கும் பனிக்காற்சட்டை, பூட்ஸ், தொப்பி, பெருவிரல் தனியே நுழைய வேண்டிய கையுறை. முதலில் உடுத்திய பிள்ளை வியர்த்து அழும், கடைசிப் பிள்ளை இன்னும் ஒரு பூட்ஸைத் தேடிக்கொண்டிருக்கும். பயிற்சி இல்லாதவர் கையைப் பிடித்து இழுத்துத் திணிப்பார். பயிற்சி பெற்றவர் தரையில் உட்கார்ந்து, "எந்தக் கால் முதலில்?" என்று கேட்பார். அழும் பிள்ளையைக் கதவருகே குளிர்ச்சியாக இருத்தி, மற்றப் பிள்ளையின் தொப்பியை எடுத்துக் கொடுக்கச் சொல்வார். அங்கே பிள்ளை கேட்பது பேச்சு, மற்ற இடத்தில் கேட்பது "கெதியா, கெதியா" மட்டும். உங்கள் அம்மா ஒரே வயதில் எட்டுப் பேரை வளர்க்கவில்லை அண்ணை.

கோட்-டெ-நேஜ்: அக்கா, சண்டைக்கு நடுவில் கேட்கிறேன். எப்போது பதிய வேண்டும்?

மேலே போய் வாசியுங்கள்.

லொங்காய்: தனியார் கார்டெரி ஒன்றில் உடனே இடம் இருக்கிறது. சேர்க்கலாமா?

ஏன் உடனே இடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஆசிரியைகள் எத்தனை மாதம் தங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள், திரும்பவும் சொல்கிறேன். ஆசிரியை பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாரா, நின்றபடி பரிமாறுகிறாரா என்று பாருங்கள்.

ஸ்காபரோ: சரி, அப்படியென்றால் வசதியானவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கலாமே?

2015இல் வாங்கிப் பார்த்தார்கள், வருமானத்துக்கு ஏற்ற கட்டணம். வசதியான பலர், வரியில் காசு திரும்பக் கிடைக்கும் தனியார் கார்டெரிக்குப் போனார்கள். சில வருடங்களில் பழையபடி ஒரே கட்டணமாகிவிட்டது. அண்ணை, இனி உங்களுக்குப் பதில் நாளைக்குத்தான்.

லவால்: வீட்டில் தமிழ், கார்டெரியில் பிரெஞ்சு. பிள்ளை குழம்பாதா?

குழம்பாது. வீட்டில் தாராளமாகத் தமிழ் பேசுங்கள்.