நாட்டிய நிகழ்ச்சிகளைப் படமெடுக்க எந்த டிஜிட்டல் கேமரா வாங்கலாம்?

உங்கள் மகளோ தங்கையோ பரதநாட்டியம் ஆடுகிறார், மொபைலில் எடுத்தால் கையும் முகமும் கலங்கிப் போகிறது, அதனால் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வீடியோவுக்கு என்றால் இந்தப் பதில் உதவாது. வீடியோக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

நான் கோத்தகிரியில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருப்பவன். கடைக்கு வந்து யோசனை கேட்பவர்கள் எல்லாரும் கேமரா பாடியைத்தான் கேட்கிறார்கள். லென்ஸைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

போன சீசனில் ஊட்டியில் ஒரு நடனப் பள்ளி ஆண்டு விழா. பக்கத்தில் ஒருவர், புத்தம்புது ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா, கூடவே வந்த கிட் லென்ஸ். என்னிடம் பழைய நிக்கான் டி7200, 85 எம்எம் எஃப்/1.8 லென்ஸ். விழாக் குழுவில் ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணா, இதுல நல்லா வருமா?" என்றார். சுருக்கென்றது.

எஃப் எண் சிறிதானால் லென்ஸ் பெரிதாகத் திறக்கும். கிட் லென்ஸை ஜூம் செய்தால் பெரும்பாலும் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. எஃப்/1.8 அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அவர் 1/50 நொடி ஷட்டரில் எடுக்க வேண்டிய இடத்தில், அதே ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்தை உணரும் அளவு) எனக்கு 1/500 நொடி கிடைக்கிறது. ஓங்கித் தட்டும் காலை 1/50 பிடிக்காது. ஃபுல் ஃப்ரேம் அதிக ஐஎஸ்ஓவைத் தாங்கும், மறுக்கவில்லை. பத்து மடங்கை அது ஈடுகட்டாது.

இன்னொன்று, நட்டுவாங்கத்தை, அதாவது தாளம் தட்டிச் சொல்லும் சொற்கட்டை, காதில் வாங்க வேண்டும். முடிப்பில் வரும் தீர்மானம் மூன்று தடவை வரும். முதல் இரண்டில் ஃபோகஸை வைத்துக்கொண்டு காத்திருந்து, மூன்றாவது "கிடதகதரிகிடதொம்" முடிந்து பெண் அசையாமல் நிற்கும்போது அழுத்தினேன். கடைசியில் ஃப்ளெக்ஸுக்குப் போனது என் படம்தான். பணமா? "வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்கண்ணா" என்பதோடு சரி.

அன்று நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம். சீசன் வந்தால் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பி விடுகிறார்கள். இறங்குகிற கூட்டம் முழுக்க எங்கள் தலையில். உள்ளூர்க்காரன் ஊட்டிக்குப் போக அந்த வரிசைக்கு எதிரே ஊர்ந்துதான் ஏற வேண்டும். இதை எங்கே போய்ச் சொல்வது? போகட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பட்ஜெட்டில் பாதியை லென்ஸுக்கு ஒதுக்குங்கள். முன்வரிசை கிடைக்கும் என்றால் 50 எம்எம் எஃப்/1.8, நாலைந்து வரிசை தள்ளி என்றால் 85. வசதி இருந்தால் 70-200 எஃப்/2.8. பாடி கேனானோ நிக்கானோ சோனியோ, பழையதானாலும் குற்றமில்லை. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) வாங்கினால் சத்தமில்லாத ஷட்டரை மேடையில் நம்பாதீர்கள், எல்இடி விளக்கில் படம் பட்டை பட்டையாக விழலாம். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், ஆடுகிறவர் கண் கூசும்.

கறுப்புத் திரை முன்னால் ஆடினால் கேமரா ஏமாந்து முகத்தை வெளுக்க வைக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்துவிடுங்கள், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். எங்கள் படுகர் ஆட்டத்தில் நேர்மாறு. எல்லாரும் வெள்ளை உடுத்தி வட்டமாக ஆடுவார்கள், பின்னால் பனிமூட்டமும் வெள்ளை. அதை அப்படியே எடுத்தால் துணி அழுக்குச் சாம்பலாக வரும். ஒரு ஸ்டாப் ஏற்ற வேண்டும். பகல் வெளிச்சத்தில் நடக்கும் ஆட்டம் என்பதால் அங்கே கிட் லென்ஸே போதும், மொபைலும் போதும் (இப்போது மொபைல்காரர்களுக்கும் கோபம் இருக்காது). கோயில் பண்டிகை என்றால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

குளிரிலிருந்து ஆள் நிறைந்த ஹாலுக்குள் போனதும் பையைத் திறக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். கால்மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். மலையில் செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்தால், எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.