டால்பி விஷன் இல்லாத டிவியை வாங்கலாமா?

சாம்சங் 55 அங்குல டிவி பிடித்திருக்கிறது, ஆனால் அதில் எச்டிஆர்10+ மட்டும்தான், டால்பி விஷன் இல்லை. வெளிச்சத்தையும் இருட்டையும் நன்றாகக் காட்டும் எச்டிஆர் படத்தில் இவை இரண்டு போட்டி முறைகள். இந்தச் சண்டை ஓயும்வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம்.

பொறுத்தவர்கள் பிழைத்த காலம் ஒன்று உண்டு. 2006-இல் எச்டி டிவிடி, ப்ளூ-ரே என்ற இரண்டு பட டிஸ்க் முறைகள் மோதியபோது ஒன்றின் டிஸ்க் மற்றதன் பிளேயரில் ஓடாது. 2008 ஜனவரியில் படக் கம்பெனியான வார்னர் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரியிலேயே, எச்டி டிவிடியை முன்னின்று நடத்திய தோஷிபாவே அதைக் கைகழுவியது. அதை வாங்கியவர்களுக்கு மிஞ்சியது புதுப்படம் வராத பெட்டி.

இங்கே அப்படி இல்லை. டால்பி விஷன் படத்தைச் சாம்சங்கில் போட்டாலும் பொதுவாக அடிப்படை முறையான சாதாரண எச்டிஆர்10-ஆக ஓடிவிடும். காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைச் சரிசெய்யும் குறிப்புகள் மட்டும்தான் கிடைக்காமல் போகும். நெட்ஃபிளிக்ஸும் 2025-இல் எச்டிஆர்10+ கொடுக்கத் தொடங்கிவிட்டது.

லோகோவைவிடத் திரையைப் பாருங்கள். என் மலிவு டிவியில் டால்பி விஷன் ஸ்டிக்கர் ஜம்மென்று இருக்கிறது. இரவுக் காட்சி வந்தால் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. கடையில் இருட்டுக் காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள் (அவர்களாகப் போட்டால் பூவும் கிளியும்தான்). 4கே டிஸ்க் சேர்ப்பவர் என்றால் மட்டும், இரண்டும் உள்ள டிசிஎல், ஹைசென்ஸ் மாடல்களையும் ஒரு பார்வை பாருங்கள்.