கைதட்டிப் பாருங்கள், அப்புறம் ஆசாரியைக் கூப்பிடலாம்

வீட்டிலேயே குரல் பதிவு செய்கிறவர்களின் கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை இடம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், விளம்பரங்களுக்கும் ஒலிநூல்களுக்கும் குரல் கொடுக்கிறேன். படுக்கையறை மூலையில் 4-க்கு 4 அடி, 8 அடி உயரத்தில் ஒரு பூத், அதாவது குரல் பதிவுக்கான சின்ன அறை, போட ஆசாரியிடம் பேசியிருக்கிறேன். பிளைவுட் ஷீட்டே 8-க்கு 4 என்பதால் வேஸ்ட் ஆகாது என்கிறார். உள்ளே கறுப்பு ஃபோம் ஒட்டிவிட்டால் விமானச் சத்தம் நின்றுவிடுமா?
— வாசகர், பல்லாவரம்

பதில்: நிற்காது. ஆசாரி பலகையை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார், அது அவர் தொழில், அவர் மேல் தப்பில்லை. ஆனால் குரலுக்கு 4, 4, 8 என்பதைவிட மோசமான அளவு தேடினாலும் கிடைக்காது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தம் உள்ளே வருவது ஒரு தொல்லை. நீங்கள் பேசியது சுவரில் பட்டு மைக்குக்கே திரும்பி வருவது வேறு தொல்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவைதான். ஃபோம் இரண்டாவதற்கு மட்டும், அதுவும் அரைகுறையாக. முதலாவதைத் தடுப்பது கனமும் அடைப்பும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும் என்று கணக்கு சொல்கிறது, கையில் கிடைப்பது அதற்கும் கொஞ்சம் கீழேதான். கையில் எடுத்தால் எடையே தெரியாத ஃபோமை ஒட்டிவிட்டு விமானத்தை நிறுத்தப் பார்ப்பது கொசுவலையைக் கட்டி மழையைத் தடுக்கிற கதை.

இப்போது அளவு. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவில் ஒலி போய் வந்துகொண்டே இருக்கும்; எந்தச் சுருதி அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்துகிறதோ அது மட்டும் வீங்கும். 4 அடிக்கு அது 140 ஹெர்ட்ஸ் சொச்சம். ஆண் குரலின் அடிநாதம் 85-லிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால், உங்கள் குரலின் நடுவிலேயே வந்து உட்காரும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் அந்த வீக்கம் இரட்டிப்பு, உயரம் சரியாக இரண்டு மடங்கு என்றால் அதுவும் சேர்ந்துகொண்டு கும்மாளம் போடும். ஒன்றுக்கொன்று வகுபடாத அளவாகப் போடுங்கள். நான்கரை அடி அகலம், 6 அடி நீளம், 7 அடி உயரம் என்றால் பரவாயில்லை. பலகை வேஸ்ட் ஆகும்தான், அதை மாடத்துக்கு அலமாரி அடிக்கச் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் பூத்தும் ஒரு சதுரப் பெட்டிதான், உள்ளே ஒரு அங்குல ஃபோம். ஒட்டி முடித்து உள்ளே போய்ப் பேசியபோது காதுக்குப் பஞ்சு வைத்த மாதிரி அமைதி, எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மணி நேரக் கதை ஒன்றைப் படித்து அனுப்பினேன். 'டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது' என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. மெல்லிய ஃபோம் ச, ஸ போன்ற கூரான ஒலிகளைத்தான் உறிஞ்சும். கீழ்ச் சுருதி அதற்குள் நுழைந்து பலகையில் பட்டு அப்படியே திரும்பி வரும். மேலே செத்துக் கீழே வீங்கினால் அதுதான் டப்பா. அப்புறம் ஃபோமைப் பிய்த்தபோது பலகையில் விரலால் தட்டிப் பார்த்தேன், தவில் மாதிரி 'தொம்' என்றது. முன்பே தட்டியிருக்கலாம்.

கட்டத்தான் போகிறீர்கள் என்றால் இப்படிச் செய்யுங்கள். மரச்சட்டம், வெளிப்பக்கம் 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு ஒரு அடுக்கு, உள்பக்கம் சட்டங்களுக்கு நடுவே கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (பாறையை உருக்கி இழுத்த பஞ்சு) 4 அங்குலம். அதைக் காடாத் துணியால் மூடி ஸ்டேப்ளர் அடியுங்கள். ரெக்ஸினோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டு மூடாதீர்கள், கூரான ஒலிகள் அதில் பட்டுத் திரும்பிவிடும். ராக்வூலைத் தொடும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க், மூன்றும் வேண்டும், இல்லையென்றால் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பீர்கள். பூத்தை அறைச் சுவரோடு ஒட்டவிடாமல் நாலு விரல் தள்ளி நிறுத்துங்கள், அடியில் கனமான ரப்பர் மேட் போடுங்கள். நான் சொன்ன அளவில், இரண்டரை சதுர மீட்டர் இடத்தில் இது 400 கிலோவைத் தாண்டும். நம் ஊரில் வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்று வைத்துத்தான் வடிவமைப்பது வழக்கம், ஆகவே மாடி வீடு என்றால் இன்னொரு அடுக்கு போடும் ஆசை வருமுன் ஒரு பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

கதவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடுக்கு இருந்தாலே போதும், மீதி 99 பங்கை இரும்பால் செய்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. நாலு பக்கமும் ரப்பர் பீடிங், கீழேயும் கட்டாயம். உள்ளே விளக்கை எரியவிட்டு, அறையை இருட்டாக்கி வெளியில் நின்று பாருங்கள், வெளிச்சம் கசிகிற இடத்தில் எல்லாம் சத்தமும் கசியும்.

இத்தனையும் செய்த பிறகும் தாழப் பறக்கும் விமானத்தின் உறுமல் கொஞ்சம் வரத்தான் செய்யும். அந்த அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு, போன பிறகு அந்த வரியைத் திரும்பப் படிப்பதுதான் உலகத்திலேயே மலிவான சவுண்ட் ப்ரூஃப்.

கேள்வி: முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று வீடியோவில் பார்த்தேன். உண்மையா?
— வாசகர், நாமக்கல்

பதில்: நாமக்கல்லில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே, முட்டை அட்டை எதற்கு என்று உங்களுக்குத் தெரியாதா? எடை கிடையாது, தடிமனும் கிடையாது. மேல் ஒலியை லேசாகச் சிதறடிக்கும், அவ்வளவுதான். தெர்மாகோலும் இதே ஜாதி. இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கும். மலிவு ஃபோமும் அப்படித்தான்: 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதியில், மேடை வாணவேடிக்கையின் பொறி பட்டுச் சுவர் ஃபோம் எரிந்து 100 பேர் செத்துப்போனார்கள். ஒயர் போகிற சின்னப் பெட்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரப் போகிறோம், அதை மறக்க வேண்டாம். ராக்வூல் எரியாது.

கேள்வி: வாடகை வீடு. ஆணி அடித்தாலே வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்துவிடுவார். நான் என்ன செய்வது?
— வாசகி, வேளச்சேரி

பதில்: உங்களுக்குப் பூத்தே வேண்டாம் அம்மா, நிஜமாகத்தான் சொல்கிறேன். அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். 'ட்ர்ர்ங்' என்று வால் நீண்டால் அதுதான் உங்கள் எதிரி, அதைப் போர்வையாலேயே அடக்கலாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பீரோவை நோக்கியா, முதுகு காட்டியா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மைக் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆகவே உங்களுக்குப் பின்னால் இருப்பதைத்தான் அது அதிகம் கேட்கும். மைக்குக்குப் பின்புறமும் ஏதாவது வேண்டும்: துணி காயப்போடும் ஸ்டாண்டை நிறுத்தி, தடிமனான ரஜாய் இரண்டை மடித்துப் போடுங்கள். கீழே ஜமக்காளம் விரித்து அதன்மேல் மெத்தை. இலவம்பஞ்சு மெத்தை பழசு பரணில் கிடந்தால் இறக்குங்கள், சுவரில் சாய்த்து வைக்க அதைவிட நல்லது கடையில் வாங்க வேண்டியதில்லை. மேலே கூரைதான் மிச்சம். ஸ்டாண்டுக்கும் பீரோவுக்கும் குறுக்கே ஒரு போர்வையைக் கூடாரம் மாதிரி போட்டுக்கொள்ளுங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜையும் நிறுத்தினால் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். பதிவு முடிந்து வெளியே கிளம்பும்போது ஃப்ரிட்ஜைப் போட ஞாபகம் வரும். நான் ஒருமுறை மறந்து இரண்டு லிட்டர் தோசை மாவு பொங்கி வழிந்தது.

கேள்வி: பூத் கட்டிவிட்டேன். உள்ளே 15 நிமிடத்தில் வேர்த்துக் கொட்டுகிறது, கொட்டாவியும் வருகிறது. ஏசி வைக்கலாமா?
— வாசகர், வேலூர்

பதில்: வேர்ப்பது வேலூர். கொட்டாவிக்குக் காரணம் அடைபட்ட காற்றாக இருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். உங்கள் பெட்டியின் உள்ளளவு 3 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இறுக்க மூடிய நிலையில் அரை மணி நேரத்தில் அது வெளிக்காற்றில் இருப்பதைப் போல ஏழெட்டு மடங்காகிவிடும். வாயைத் திறந்து படித்துக்கொண்டே இருந்தால் இன்னும் சீக்கிரம்.

ஏசி வேண்டாம், காற்று போகவர வழி வேண்டும். மேலே ஒரு துளை, கீழே எதிர்மூலையில் ஒரு துளை, இரண்டுக்கும் வெளியே ஆளுக்கொரு மரப்பெட்டி. பெட்டிக்குள் குறுக்குப் பலகைகள் வைத்துக் காற்று பாம்பு மாதிரி வளைந்து வரும்படி செய்து, உள்சுவரெல்லாம் ராக்வூல் ஒட்டித் துணி போர்த்துங்கள். காற்று வளையும், சத்தம் வளைவுக்கு வளைவு செத்துக்கொண்டே வரும். மேல்பெட்டியின் வெளிமுனையில் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். வழி குறுகலாக இருந்தால் காற்றே 'உஸ்' என்று சத்தம் போடும், ஆகவே துளையைப் பெரிதாகவும் ஃபேனை மெதுவாகவும் வையுங்கள். இதெல்லாம் முடியும்வரை பூத்துக்குள் எல்.ஈ.டி. விளக்கு மட்டும் போட்டு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள். குரலுக்கும் அது நல்லது.

துளைகளுக்கு வலை அடிக்க மறக்காதீர்கள். என்னுடையதில் ஒரு பல்லி ஏறி ராக்வூலுக்குப் பின்னால் குடித்தனம் நடத்தியது. நல்ல கட்டமாகப் பார்த்து 'டிக் டிக்' என்று சொல்லும். 'பல்லியே சொல்லிடுச்சு, கதை நல்லா வரும்' என்றார் அம்மா.

கேள்வி: கர்நாடக சங்கீதம் பாடுகிறேன். நண்பர் வீட்டுப் பூத்தில் பாடிப் பார்த்தேன், தொண்டை சீக்கிரம் களைத்துவிடுகிறது, சுருதி சேர்கிறதா என்றே தெரியவில்லை. என்னிடம்தான் கோளாறா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உங்களிடம் இல்லை. பாடுகிறவர் தன் குரல் அறையில் பட்டுத் திரும்புவதைக் கேட்டுக்கொண்டேதான் அடுத்த ஸ்வரத்தை வைக்கிறார். பஞ்சுப் பெட்டியில் எதுவும் திரும்பி வராது, போதவில்லையோ என்று நீங்களே அறியாமல் அழுத்திப் பாடுவீர்கள். பேச்சுக்குப் பூத் சரி, பாட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். புத்தக அலமாரியும் சோபாவும் உள்ள கூடத்தில், சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி உட்கார்ந்து பாடுங்கள். தம்புராவை ஹெட்ஃபோனில், ஒரு காதில் மட்டும்.

கேள்வி: கண்டென்ஸர் மைக்கா, டைனமிக் மைக்கா?
— மூன்று வாசகர்கள்

பதில்: அறை அமைதியாக இருந்தால், சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் ஸ்டுடியோ வகையான கண்டென்ஸர்; சந்தைக்கடை மாதிரி இருந்தால், மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற வகையான டைனமிக். டைனமிக்கை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் வைத்துப் பேச வேண்டும், அப்படிக் கிட்டத்தில் பேசுவதால்தான் வெளிச்சத்தம் அடங்கித் தெரிகிறது. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கண்டென்ஸர் என்றால் ஒரு சாண். இரண்டுக்கும் பாப் ஃபில்டர் (மைக்குக்கு முன்னால் வைக்கும் வலைத் திரை) போடுங்கள், 'ப' சொல்லும்போது வரும் காற்றை எந்தச் சாஃப்ட்வேராலும் சரியாக எடுக்க முடியாது.

கேள்வி: என் அறையின் அமைதி போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: படிக்கும்போது வைக்கிற கெயினை (மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அளவை) மாற்றாமல் ஒரு நிமிடம் மௌனத்தைப் பதிவு செய்து, இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் அளந்து பாருங்கள். மென்பொருள் தாங்கும் உச்சம்தான் 0, அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். ஒலிநூல்களை வெளியிட உதவும் ஏசிஎக்ஸ் தளம் கேட்பது இதுதான்: முடித்த பதிவில் மௌனம் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே, குரலின் சராசரி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் நடுவே, உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது. விடியற்காலை 4 மணிக்கு அளந்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும்போது அளங்கள்.

கேள்வி: ஸ்டுடியோக்களில் இருக்கிற மாதிரி வெளியே ஒரு சிவப்பு விளக்கு வைத்தால் வீட்டில் தொந்தரவு செய்ய மாட்டார்கள் அல்லவா?
— வாசகர், காரைக்குடி

பதில்: வைத்தேன். இப்போது கதவைத் தட்டி, 'லைட் எரியுதே, உள்ளேதான் இருக்கியா?' என்று கேட்கிறார்கள்.